கால் தரையில படக்கூடாது

பூமாலை: ...அதெல்லாம் வேணாம் மாஸ்டரம்மா. எனக்கு நெஞ்சு வேணாம், முண்டா வேணாம், வயித்துல படிக்கட்டு மாதிரி வருமாமே, அதுவும் வேணாம். தூக்கணும். அது மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்.

ஜெயசித்ரா: தூக்கணும்னா... எத?

பூமாலை: மூட்டை.

ஜெயசித்ரா: என்ன மூட்டை?

பூமாலை: மக்காச்சோளம்.

ஜெயசித்ரா: கீழ நிக்கிற சுண்ணாம்புக்கல்லு லாரி உங்களுதுதானேண்ணே?

பூமாலை: ஓட்டுறது நானு. வண்டி ஓனருது. ஏன், கீழ் வூட்டு உரக்கடைக்காரரு கடைய மறைக்குதுன்னு சத்தம் போடுறாரா?

ஜெயசித்ரா: அதில்ல. லாரி டிரைவருக்கு மக்காச்சோள மூட்டை எங்கேர்ந்து வந்துச்சு?

பூமாலை: வாலிகண்டபுரத்துல நமக்கு ஒரு துண்டு காடு கெடக்குது...

ஜெயசித்ரா: சரி. மூட்டைன்னா முதுகுலதானே போடுவீங்க?

பூமாலை: இல்ல... முன்னாடி. ரெண்டு கையாலயும். இந்தா, இப்படி ஏந்திக்கிட்டு.

ஜெயசித்ரா: மூட்டைய?

பூமாலை: ம்.

ஜெயசித்ரா: கைப்புள்ளைய ஏந்துற மாதிரி?

பூமாலை: ம்...

ஜெயசித்ரா: எவ்ளோ தூரம்?

பூமாலை: ஒரு... மண்டபத்து வாசல்ல இருந்து மணவறை வரைக்கும்னு வெச்சுக்குங்களேன்.

ஜெயசித்ரா: மக்காச்சோளத்துக்கு மண்டபமே புடிச்சாச்சா!

பூமாலை: நான் வர்றேன் மாஸ்டரம்மா.

ஜெயசித்ரா: சிரிக்கலண்ணே. சொல்லுங்க.

பூமாலை: சிரிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க.

ஜெயசித்ரா: நிறுத்திட்டேன். இந்தாங்க, தண்ணி குடிங்க. யாரு கல்யாணம்?

பூமாலை: அக்கா பொண்ணு. கலையரசி. தையில கல்யாணம். எங்க வூட்டுல ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு மண்டபத்து வாசப்படி தாண்டுனா மணவறை போய்ச் சேர்ற வரைக்கும் காலு தரையில படக்கூடாது. தாய்மாமன் ஏந்திக்கிட்டுப் போவணும். எங்க அம்மாவ அவங்க மாமன் தூக்குனாரு. அக்காவ எங்க மாமன் தூக்குனாரு. இப்ப என் மொறை.

ஜெயசித்ரா: நல்லாருக்கே! சந்தோசமா தூக்குங்க. இதுக்கு எதுக்கு மக்காச்சோளம்?

பூமாலை: புள்ள கொஞ்சம்... ஆளு நல்லா இருக்கும்.

ஜெயசித்ரா: எடை என்ன?

பூமாலை: கேக்க முடியுங்களா? சோத்துல கைய வெக்கும்போதே யாராச்சும் பாக்குறாங்களான்னு பாத்துட்டு வெக்கிற புள்ள அது.

ஜெயசித்ரா: உங்களுக்கு முதுகு, முட்டி... ஏதாச்சும் தொந்தரவு?

பூமாலை: இடுப்புல டிஸ்க்கு. வண்டி ஓட்டி ஓட்டி வந்தது.

ஜெயசித்ரா: டாக்டர் என்ன சொன்னாரு?

பூமாலை: வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாரு.

ஜெயசித்ரா: அப்புறம்?

பூமாலை: அதான் உங்ககிட்ட வந்தேன்.

ஜெயசித்ரா: ஐயோ சாமி! எந்திரிங்க. மொதல்ல கெளம்புங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் ஜிம்ம இழுத்து மூட வேண்டியதுதான். வேற மாமன் யாரும் இல்லையா?

பூமாலை: இருக்கான். அதான் விசயமே.

ஜெயசித்ரா: யாரு?

பூமாலை: எங்க சித்தப்பா மவன் அய்யம்பெருமாள். அவனும் மொறைக்கு மாமந்தான். ஜேசிபி வெச்சிருக்கான். போன ஆவணியில ஒரு சொந்தக்காரங்க கல்யாணம், வரதராஜன்பேட்டையில. பந்தி நடக்குது. என்னைய பாத்து சத்தமா கேக்குறான். "ஏண்டா, உனக்குத்தான் இடுப்பு போச்சே, கலையரசிய நம்ம ஜேசிபி பக்கெட்டுல வெச்சு மணவறையில எறக்கிடுவோமா"ன்னு. பந்தியே சிரிச்சிச்சு. பரிமாறுறவன் கூட கரண்டிய வெச்சுட்டு சிரிக்கிறான்.

ஜெயசித்ரா: அந்தப் பொண்ணு எங்க இருந்திச்சு?

பூமாலை: எதுத்த வரிசையில. அதுவும் சிரிச்சிச்சு மாஸ்டரம்மா. சிரிச்சிட்டு, இலைய மூடிட்டு, எந்திரிச்சுப் போயிடுச்சு. பாயாசம் கூட வாங்கல. பாயாசம்னா அதுக்கு உசுரு. வூட்டுக்கு வந்து அவங்க அம்மாகிட்ட, "எனக்கு தூக்குறது கீக்குறது எதுவும் வேணாம், ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுக்குறேன்"னு சொல்லிடுச்சு. அப்பன் இல்லாத புள்ள. பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்ட இருந்து மொதல்ல வாங்குனது நாந்தான். இந்தக் கைதான்.

ஜெயசித்ரா: உக்காருங்கண்ணே.

பூமாலை: எந்திரின்னீங்க?

ஜெயசித்ரா: இப்ப உக்காருங்கன்னேன்.

பூமாலை: நான் தூக்கணும். அய்யம்பெருமாள் கண்ணு எதுக்க தூக்கணும். நடுவுல கீழ வெக்காம தூக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

ஜெயசித்ரா: டாக்டர்கிட்ட திரும்பப் போங்க. ஸ்கேன காட்டி, இப்படி இப்படின்னு உண்மைய சொல்லுங்க. மக்காச்சோளம்னு சொல்லாதீங்க. அவரு சரின்னா பாப்போம். இப்ப அந்த மெஷின்ல ஏறுங்க.

பூமாலை: நான் எதுக்கு? நானா மணவறைக்குப் போறேன்?

ஜெயசித்ரா: ஏறுங்கண்ணே. செருப்பக் கழட்டிட்டு... அறுபத்தெட்டு.

பூமாலை: அதுல கவலையே ஒரு அஞ்சு கிலோ இருக்கும்.

ஜெயசித்ரா: அப்புறம், பொண்ணு எடை எனக்குத் தெரியணும். கேக்காம கண்டுபுடிச்சுட்டு வாங்க.

பூமாலை: கேக்காம எப்புடி?

ஜெயசித்ரா: அது உங்க சாமர்த்தியம்.

*

பூமாலை: எண்பது!

ஜெயசித்ரா: என்ன எண்பது? வந்ததும் வராததுமா...

பூமாலை: கலையோட எடை. கண்டுபுடிச்சாச்சு.

ஜெயசித்ரா: அட! எப்புடிண்ணே?

பூமாலை: எடைமேடையில.

ஜெயசித்ரா: எந்த எடைமேடை?

பூமாலை: லாரிக்கு லோடு எடை போடுவாங்கல்ல, அரியலூர் ரோட்டுல. அங்க நமக்கு ஆளு பழக்கம்.

ஜெயசித்ரா: கல்யாணப் பொண்ண லாரி எடைமேடையில ஏத்துனீங்களா!

பூமாலை: சும்மாவா ஏத்துனேன்? பைக்குல உக்கார வெச்சு, வா புள்ள பெட்ரோல் போட்டுட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போயி, போற வழியில அப்படியே மேடையில நிறுத்துனேன். ஒரு எடை எடுத்தாச்சு. அப்புறம் புள்ளைய எறக்கி, போயி ரெண்டு டீ சொல்லும்மான்னு அனுப்பிட்டு, நான் மட்டும் பைக்கோட ஒருக்கா ஏறுனேன். கழிச்சேன். எண்பது.

ஜெயசித்ரா: அது பத்து பத்து கிலோவாத்தானே தாவும்?

பூமாலை: ஆமா. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.

ஜெயசித்ரா: நாம எண்பத்தஞ்சுன்னே வெச்சுக்குவோம். அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கலையா?

பூமாலை: கேட்டுச்சு. "ஏன் மாமா இங்க நிக்கிறோம்"னுச்சு. "டயருல காத்து இருக்கான்னு பாக்குறாங்க"ன்னேன்.

ஜெயசித்ரா: எடைமேடையில!

பூமாலை: நம்பிடுச்சு.

ஜெயசித்ரா: பொண்ணு என்ன வேலை பாக்குது?

பூமாலை: ரத்தம் டெஸ்ட் பண்ற லேபுல. பி.எஸ்.சி. படிச்சிருக்கு.

ஜெயசித்ரா: அது இத நம்பிடுச்சு?

பூமாலை: நான் சொன்னா நம்பும் மாஸ்டரம்மா. சின்னதுல இருந்தே அப்படித்தான்.

ஜெயசித்ரா: சரி... டாக்டர்?

பூமாலை: ரொம்ப நேரம் ஸ்கேனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "முதுக வளைக்காம, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, தெரிஞ்ச ஆளு பக்கத்துல நின்னா செய்யலாம். வலிச்சா அன்னிக்கே நிறுத்திடணும்"னாரு. இந்தாங்க, அவரு நம்பரு. நீங்களே பேசுங்க.

ஜெயசித்ரா: பேசுறேன். இப்ப அங்க போயி நில்லுங்க. கால அகட்டுங்க. நாற்காலியில உக்கார்ற மாதிரி கீழ போங்க... நாற்காலி கெடையாது, திரும்பிப் பாக்காதீங்க. போங்க... எந்திரிங்க.

பூமாலை: இது தோப்புக்கரணந்தானே?

ஜெயசித்ரா: ஸ்குவாட்.

பூமாலை: தோப்புக்கரணந்தான்.

ஜெயசித்ரா: சரி தோப்புக்கரணம். கைய காதுலேர்ந்து எடுங்க. இங்க புள்ளையார் இல்ல.

பூமாலை: பழக்கத்துல போயிடுது.

ஜெயசித்ரா: நீங்க எல்லாத்தையும் இடுப்பாலயே தூக்குறீங்க. காலுதான் தூக்கணும். இடுப்பு கிளீனர் மாதிரி. கூட வரும், வண்டி ஓட்டாது.

பூமாலை: இத்தன வருசம் கிளீனர வெச்சே வண்டி ஓட்டியிருக்கேனா?

ஜெயசித்ரா: அதான் படுத்துட்டான் அவன். ம், கீழ போங்க.

பூமாலை: மூட்டைய எப்ப குடுப்பீங்க?

ஜெயசித்ரா: மொத மொத லோடு வண்டியிலயா ஓட்டப் பழகுனீங்க?

பூமாலை: ...காலி வண்டி.

ஜெயசித்ரா: போங்க கீழ.

*

பூமாலை: என்னங்க இது, சிவப்புக் கயிறெல்லாம் கட்டி?

ஜெயசித்ரா: உங்க அக்கா பொண்ணு.

பூமாலை: இது எம்-சாண்ட் மணலு மூட்டைங்க.

ஜெயசித்ரா: இன்னிக்கு பாதி எடைதான். போகப் போக மண்ணு ஏத்துவோம். தையில முழுசா எண்பத்தஞ்சு வந்துடணும்.

பூமாலை: அந்த மூலையில பச்சைக் கயிறு போட்டு ஒண்ணு நிக்குதே? போன வாரம் இல்ல அது.

ஜெயசித்ரா: அது... காலையில லேடீஸ் பேட்ச்ல ஒருத்தங்களுக்கு.

பூமாலை: பொம்பளப்புள்ளைக்கா? அம்மாடி, கனமாத் தெரியுதே. யாரத் தூக்கப் போவுது, புருசனையா?

ஜெயசித்ரா: போலீஸ் செலக்சனுக்குப் போறாங்கண்ணே.

பூமாலை: போலீசுல மூட்டை தூக்கச் சொல்றாங்களா?

ஜெயசித்ரா: உங்க வேலையப் பாருங்க.

பூமாலை: ஒருக்கா தூக்கிப் பாக்கட்டுமா?

ஜெயசித்ரா: தொடாதீங்க! அவங்கவங்க மூட்டை அவங்கவங்களுக்கு.

பூமாலை: சரி சரி, கோவப்படாதீங்க.

ஜெயசித்ரா: பட்டுப்புடவை கொண்டாரச் சொன்னேனே, எங்க?

பூமாலை: இந்தாங்க. சசிகலாவுது. வூட்டுக்காரிக்குத் தெரியாம பீரோவுலேர்ந்து உருவிட்டு வந்தேன். சாக்கு மூட்டைக்கு எதுக்கு பட்டு?

ஜெயசித்ரா: அன்னிக்கு பொண்ணு சாக்கு கட்டிக்கிட்டா வரும்? பட்டு வழுக்கும்ணே. கழுத்துல மாலை வேற. உங்க கையில வேர்வை. சாக்க மட்டும் தூக்கிப் பழகிட்டு அங்க போயி பட்ட தூக்குனா, பாதி வழியில சறுக்கிக்கிட்டு எறங்கிடும். நாளையிலேர்ந்து நீங்களும் இந்த டிராக் பேண்ட்ட விட்டுட்டு வேட்டி கட்டிட்டு வாங்க.

பூமாலை: ஜிம்முக்கு வேட்டியா? பசங்க சிரிப்பானுங்க.

ஜெயசித்ரா: இங்க சிரிச்சா பரவால்ல. அங்க வேட்டி காலுல மாட்டுனா?

பூமாலை: ...இதெல்லாம் எப்புடி யோசிக்கிறீங்க?

ஜெயசித்ரா: பேசாதீங்க. உக்காருங்க, கைய அடியில குடுங்க, ஒண்ணு முதுகுக்கு, ஒண்ணு முட்டிக்கு. மூச்ச இழுங்க. தூக்குங்க!

பூமாலை: ம்ம்ம்... ஹா! வந்துடுச்சு! ...ஐயய்யோ, போனு அடிக்குது. சசிகலா.

ஜெயசித்ரா: அப்புறம் பேசிக்கலாம்.

பூமாலை: எடுக்கலன்னா ஓனருக்கு அடிப்பா. ஸ்பீக்கருல போட்டு வுடுங்க... ஹலோ, என்ன சசி? ...பட்டுப்புடவையா? எந்தப் பட்டுப்புடவை? ...மாம்பழக் கலரா? நான் என்னத்தக் கண்டேன்... மூச்சு வாங்கலையே, இல்லையே...

ஜெயசித்ரா: மாரோட இறுக்கி அணைச்சுப் புடிங்கண்ணே! புடவை நழுவுது!

பூமாலை: சசி? சசி, அது வந்து... ஹலோ? ஹலோ?

ஜெயசித்ரா: வெச்சுட்டாங்களா?

பூமாலை: மாஸ்டரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். என்கூட வூட்டுக்கு வாங்க. இந்த மூட்டையையும் எடுத்துக்குவோம்.

ஜெயசித்ரா: சொல்லிடுங்கண்ணே அவங்ககிட்ட.

பூமாலை: அவகிட்ட சொன்னா அஞ்சு நிமிசத்துல அக்காவுக்குப் போயிடும். அக்காகிட்ட இருந்து கலைக்கு. "என்னால மாமா உடம்ப வருத்திக்கிறாரே"ன்னு அந்தப் புள்ள சோத்த விட்டுடும். தெரியக்கூடாது. கலைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் தெரியவே கூடாது.

ஜெயசித்ரா: ...ம்.

பூமாலை: என்ன ம்?

ஜெயசித்ரா: ஒண்ணுமில்ல. மூட்டைய கீழ வெய்ங்க. வளையாம.

*

ஜெயசித்ரா: அசையாதீங்க. அப்படியே படுங்க. முட்டிய மடக்கி வெய்ங்க.

பூமாலை: ஆ... அம்மா...

ஜெயசித்ரா: காலு மரத்துப் போச்சா? வெரலு ஆட்டுங்க.

பூமாலை: ஆடுது. இடுப்புதான்... கத்தி சொருவுன மாதிரி.

ஜெயசித்ரா: நான் பச்சத்தண்ணி எடுக்கக் கீழ போன நேரத்துல யாரு உங்கள தூக்கச் சொன்னா? காலையில எத்தன நடை ஓட்டுனீங்க?

பூமாலை: லோடு கொஞ்சம் சாஸ்தி...

ஜெயசித்ரா: தூங்காம ஓட்டிட்டு வந்து, மூச்சடக்கிக்கிட்டு, நான் இல்லாத நேரமாப் பாத்து... உங்கள என்ன பண்றது? கன்னத்துல ரெண்டு வெக்கலாம்னு வருது.

பூமாலை: வெய்ங்க.

ஜெயசித்ரா: அண்ணே... அழாதீங்கண்ணே.

பூமாலை: மார்கழி பாதி போயிடுச்சு. வேணாம் மாஸ்டரம்மா. அய்யம்பெருமாளுக்கே போனைப் போட்டுச் சொல்லிடுறேன். அவனே தூக்கட்டும். ஆளு எருமைக்கடா மாதிரி இருக்கான். தூக்கிடுவான்.

ஜெயசித்ரா: இடுப்பு போயிடும்னு பயமா?

பூமாலை: இடுப்பு கெடக்குது கழுத. பாதியில நான் விழுந்துட்டா? ஊரே பாக்கும். நம்மள கனம்னு சொன்னாங்களே, அதனாலதான் மாமா விழுந்துட்டாருன்னு அந்தப் புள்ள ஆயுசுக்கும் நெனச்சுக்கும். நான் தூக்காம இருந்தா கூட பரவால்ல. தூக்கிட்டு கீழ போட்டா... அந்தப் பழி அது தலையில விழுவும்.

ஜெயசித்ரா: அது அப்படி நெனைக்கிற பொண்ணு இல்ல.

பூமாலை: உங்களுக்கு எப்புடித் தெரியும்?

ஜெயசித்ரா: ...பொதுவாச் சொன்னேன். அண்ணே, நான் ஸ்டேட் லெவல்ல வெயிட்டு தூக்குனவ. எங்க ஊருல எனக்குப் பேரு என்ன தெரியுமா? பொம்பள பயில்வான். மாப்பிள்ள பாக்க வந்தவங்க காப்பி குடிச்சுட்டு, "பொண்ணு கதவ ஒடச்சுடுமா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. நானும் சிரிச்சேன். உள்ள போயி அழுதேன். அந்தப் பொண்ணு இலைய மூடுனதச் சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் உங்கள எடுத்தேன். இல்லன்னா டிஸ்க்குக்காரர யாரு எடுப்பா?

பூமாலை: கதவ ஒடச்சீங்களா?

ஜெயசித்ரா: இன்னும் இல்ல.

பூமாலை: ஹ... ஆ! சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது.

ஜெயசித்ரா: சிரிப்பு வருதுல்ல, அப்ப இடுப்பு போவல. புடிச்சிருக்கு, அவ்ளோதான். நான் டாக்டருக்குப் போன் அடிக்கிறேன். அவரு சொல்ற வரைக்கும் ரெஸ்ட். மூட்டை கெடையாது. வூட்டுல நடங்க, தூங்குங்க, முட்டை சாப்புடுங்க.

பூமாலை: அய்யம்பெருமாளுக்கு?

ஜெயசித்ரா: உங்க போன என்கிட்ட குடுங்க. வண்டியேறி வூட்டுக்குப் போறப்ப தரேன்.

*

ஜெயசித்ரா: வேட்டிய மடிச்சுக் கட்டாதீங்க. மாமன் மணவறைக்கு மடிச்சுக் கட்டிட்டா போவாரு? எறக்கி விடுங்க... ம். மெஷின்ல ஏறுங்க. எழுபது! ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க.

பூமாலை: முட்டை. சசிகலா மூணு வேளையும் அவிச்சுத் தள்ளுறா.

ஜெயசித்ரா: அண்ணி சமாதானம் ஆயிட்டாங்களா?

பூமாலை: நீங்க அன்னிக்கு வந்து அவகிட்ட சொன்னப்புறந்தான் எனக்கு சோறே போட்டா. வாயத் தொறக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கா. அதுலேர்ந்து அவளுக்கு வயிறே சரியில்ல.

ஜெயசித்ரா: அந்தச் சாக்கு ஊசிய எடுங்க. பச்சை மூட்டையில கொஞ்சம் மண்ணு ஏத்தணும்.

பூமாலை: நான் எடை ஏறுனா நீங்க ஏன் அந்த மூட்டையில மண்ண அள்ளிப் போடுறீங்க?

ஜெயசித்ரா: ...அந்தப் பொண்ணு கேட்டுச்சு. பத்தலையாம்.

பூமாலை: பத்தலையா! யாரு பெத்த புள்ளையோ, மவராசி. நல்லாருக்கட்டும்.

ஜெயசித்ரா: நல்லாத்தான் இருக்கும். வாங்க, டாக்டரும் சரின்னுட்டாரு, உங்க ஆளு காத்துக்கிட்டு இருக்கு. எண்பத்தஞ்சு, பட்டுப்புடவை, மாலை. இந்த வாசல்லேர்ந்து அந்தக் கண்ணாடி வரைக்கும். நான் ஸ்பீக்கருல மேளச் சத்தம் போடுவேன். பசங்கள சுத்தி நின்னு கத்தச் சொல்லியிருக்கேன்.

பூமாலை: அய்யம்பெருமாள் மாதிரி ஒருத்தன கேலி பண்ணவும் சொல்லுங்க.

ஜெயசித்ரா: சொல்லியாச்சு. உக்காருங்க. மூச்சு... காலு, காலு... எந்திரிங்க!

பூமாலை: ம்ம்ம்...ஹா!

ஜெயசித்ரா: நடங்க. குனியாதீங்க, கண்ணாடியப் பாருங்க. சின்னச் சின்ன அடி. மூச்ச விடுங்கண்ணே, அடக்காதீங்க... இன்னும்... இன்னும்... தொடுங்க!

பூமாலை: தொட்டுட்டேன்! மாஸ்டரம்மா, தொட்டுட்டேன்!

ஜெயசித்ரா: கத்தாதீங்க, கீழ வெய்ங்க! வளையாம!

பூமாலை: வெச்சுட்டேன்... வெச்சுட்டேன். இடுப்பு ஒண்ணும் சொல்லல. கிளீனரு சமத்தா கூட வந்தான்.

ஜெயசித்ரா: போதும். இனிமே இங்க தூக்கக்கூடாது. அடுத்தது மண்டபத்துலதான்.

பூமாலை: இந்தாங்க பத்திரிகை. நீங்க மணவறை பக்கம் நிக்கணும். உங்க மொவத்தப் பாத்துக்கிட்டே வந்துடுவேன்.

ஜெயசித்ரா: வராம இருப்பேனா? ஆமா, பொண்ணு தூக்குறது வேணாம், ரிஜிஸ்டர் ஆபீசுன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சே?

பூமாலை: அதாங்க அதிசயம். போன வாரம் தானா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. "மாமா, நீங்களே தூக்குங்க. நீங்க தூக்கலன்னா நான் கல்யாணமே பண்ணிக்கல"ன்னுச்சு. என்ன நெனச்சுச்சோ.

ஜெயசித்ரா: என்ன நெனச்சுச்சோ!

*

கலையரசி: மாமா, கைய கழுத்துல போட்டுக்கட்டுமா?

பூமாலை: போட்டுக்க தாயீ. மாலைய ஓரமாத் தள்ளிக்க, மூக்குல ஏறுது... மாஸ்டர்... அந்த டீச்சரு எங்க?

ஜெயசித்ரா: இங்கதாண்ணே இருக்கேன்.

கலையரசி: எந்த டீச்சரு மாமா?

பூமாலை: தெரிஞ்சவங்கம்மா. லாரி... இன்சூரன்சு.

கலையரசி: ஓ.

ஜெயசித்ரா: அண்ணே, மூச்ச இழுங்க. காலுல.

பூமாலை: முருகா... ம்ம்ம்... ஹா!

ஜெயசித்ரா: தூக்கிட்டீங்க! நடங்க. நான் முன்னாடி போயி நிக்கிறேன்.

கலையரசி: மாமா, அய்யம்பெருமாள் மாமா நாற்காலி மேல ஏறி நின்னு செல்போனுல படம் புடிக்கிறாரு.

பூமாலை: புடிக்கட்டும். நல்லாப் புடிக்கட்டும். சார்ஜு இருக்குதான்னு கேளு.

கலையரசி: சித்திங்கல்லாம் அழுவுறாங்க.

பூமாலை: நீ அழுவாத. மை கலைஞ்சுடும்.

கலையரசி: நீங்கதான் அழுவுறீங்க.

பூமாலை: வேர்வை.

கலையரசி: ...ஏன் மாமா நின்னுட்டீங்க?

பூமாலை: மேளக்காரங்க வழி வுடட்டும்னு.

கலையரசி: அவங்க அப்பவே ஒதுங்கிட்டாங்க. இடுப்பா?

பூமாலை: இல்லையே. சும்மாத்தான்.

கலையரசி: டயருல காத்து இருக்கான்னு பாக்குறீங்களா?

பூமாலை: ...என்னா புள்ள சொன்ன?

கலையரசி: சிரிக்காதீங்க! சிரிச்சா மூச்சு போயிடும்.

பூமாலை: அப்ப... எடைமேடை... அன்னிக்கே...

கலையரசி: நான் பி.எஸ்.சி. மாமா. டீ சொல்லிட்டுத் திரும்புறேன், நீங்க மேடையில நின்னு வெரலு விட்டுக் கழிச்சுக்கிட்டு இருக்கீங்க. மறுநாளு ஜிம்மு வாசல்ல உங்க லாரி.

பூமாலை: கோவமா தாயீ?

கலையரசி: அன்னிக்கு ராவெல்லாம் அழுதேன். கோவத்துல இல்ல. மூச்ச விடுங்க. அடக்காதீங்க. சின்னச் சின்ன அடி.

பூமாலை: இது... மாஸ்டரம்மா சொல்ற மாதிரியே சொல்ற...

கலையரசி: நடங்க மாமா.

ஜெயசித்ரா: அண்ணே! என்னையப் பாருங்க. கொஞ்சந்தான். மோவாய நிமித்துங்க. படி ஒண்ணே ஒண்ணு, காலு, காலு... அவ்ளோதான்!

பூமாலை: வந்துட்டோம்... எறங்கு தாயீ. மெதுவா. மணையில, மணையில.

கலையரசி: காலு படல மாமா.

பூமாலை: படல.

கலையரசி: எங்கயும் படல.

பூமாலை: நான் பொறந்ததுக்கு இது போதும்டா சாமி.

ஜெயசித்ரா: இடுப்பு எப்புடிண்ணே இருக்கு?

பூமாலை: இருக்குதான்னே தெரியல. ஆனா மாஸ்டரம்மா, நடுவுல நின்னேன் பாருங்க, நெசமாவே பயந்துட்டேன். அந்த எடத்துல முடியாமப் போயிருந்தா... அம்புட்டு சனம் முன்னாடி...

ஜெயசித்ரா: போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே. அதுக்கு வேற ஏற்பாடு இருந்துச்சு.

பூமாலை: என்ன ஏற்பாடு? ஜேசிபியா?

ஜெயசித்ரா: கலை, நீயே சொல்லிடு. இதுக்கு மேல என்னால முடியாது.

பூமாலை: கலையா? ஏம்மா, ரெண்டு பேருக்கும் எப்புடிப் பழக்கம்?

கலையரசி: நான் காலையில லேடீஸ் பேட்ச் மாமா. அந்தப் பச்சைக் கயிறு மூட்டை உங்க எடைதான், முட்டை தின்னு ஏறுன ரெண்டு கிலோவையும் சேத்து. பாதியில உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா, என் காலு தரையில பட்டா படட்டும்... உங்க காலு படாம நான் ஏந்திக்கிட்டு வந்துடணும்னு இருந்தேன்.